குளக்கரைப் பாதையில் முள்

எங்கள் புறநகர்க் குளத்தைச் சுற்றி இப்போது சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். சிவப்புச் சாயம் பூசிய பாதை, ஓரத்தில் புல்தரை, உட்கார இரும்பு பெஞ்சு, பறவைப் படம் போட்ட பலகைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். குளத்தில் ஆரம்பித்து, வாய்க்கால் கரையைப் பிடித்து, நொய்யல் தடுப்பணை வரைக்கும் போய், தென்னந்தோப்புகள் வழியாகத் திரும்பி வருகிற ஒரு சுற்று. கோயமுத்தூரிலேயே கண்ணுக்குக் குளிர்ச்சியான சுற்று இதுதான் என்றார் என்னோடு வேலை பார்க்கும் நண்பர். எனக்குத் தெரியும் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துப் போனார்.

சுற்று முடியப்போகும் இடத்தில் ஒரு பெரிய வேப்பமரம் உண்டு. அதனடியில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். சைக்கிளில் வருவோர் இங்கே இறங்கித் தள்ளிச் செல்லவும் என்று எழுதியிருந்தது. நடக்கிறவர்கள் மேல் மோதிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. நியாயமான பலகைதான். நண்பர் இறங்கினார். பின்னால் வந்தவர்களும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

காவலுக்கு நின்ற பெரியவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். “ஏனுங்க சார், போர்டப் பாக்கலீங்களா? செத்த எறங்கித் தள்ளீட்டுப் போங்க.”

“எறங்க மாட்டனுங்க.”

“எல்லாரும் எறங்கித்தானுங்க போறாங்க. உங்களுக்கு மட்டும் என்னங்க வந்துச்சு?”

“இந்த எடத்துல எறங்க மாட்டேன். ஆருகிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லிக்குங்க!”

அவ்வளவு சத்தமாக நான் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. பெரியவர் மிரண்டுபோய் ஒதுங்கி நின்றார். “ஒரு போர்டுக்குப் போயி இத்தனை கோவமா சார்?” என்று நண்பர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். கோபம் பலகை மேல் இல்லை. வயிற்றுப்பாட்டுக்காக அங்கே வெயிலில் நிற்கும் அந்தப் பெரியவர் மேல் சத்தியமாக இல்லை. அந்த வேப்பமரத்தடியில் முன்பெல்லாம் பலகையே கிடையாது. பலகை இல்லாமலேயே, எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா, சரியாக அதே இடத்தில் இறங்குவார்.

தொண்ணூறுகளில் நாங்கள் குளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் தாராபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வந்த புதிதில் அப்பா குளத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில், தென்னந்தோப்பு ஒன்றில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஊரையும் தாண்டி இருந்த ஒரு பவுண்டரியில் வேலை கிடைத்ததும் லைன் வீட்டுக்கு வந்துவிட்டோம். அங்கே பத்துப் பதினைந்து குடும்பத்துக்கும் ஒரே குழாய். தண்ணீர் பிடிக்கிற வரிசைக்காகச் சண்டை போடுவார்களே தவிர, நீங்கள் என்ன ஆட்கள் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். அப்பாவுக்கு அது போதும். அதற்காகத்தான் ஊரை விட்டே வந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

வாரத்தில் ஆறு நாள் இரும்புக் குழம்பின் சூட்டில் வேகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் தண்ணீரைப் பார்த்தாக வேண்டும். கேரியரில் சாக்கை மடித்துக் கட்டி என்னை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். குளக்கரை நெடுக அப்போது பனைமரங்கள். கரைமேல் சைக்கிள் போகும்போது ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாழைத்தோட்டம். நாமக்கோழிகள் தண்ணீரில் கறுப்புப் பானைகள் மாதிரி மிதக்கும். கூழைக்கடா வந்து இறங்கினால் அப்பா பெடலை நிறுத்திவிட்டு, “பாரு பாரு, எப்பிடி எறங்குது பாரு, பஸ்ஸு நிக்கிற மாதிரி” என்பார். மதகுக்கு வந்ததும் அங்கே பதித்திருக்கும் கல்லெழுத்தை என்னைப் படிக்கச் சொல்வார். ஒவ்வொரு வாரமும் அதே எழுத்துத்தான். ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பது போலத்தான் கேட்டுக்கொள்வார். பிறகு வாய்க்கால் கரை, தடுப்பணை, அங்கே உட்கார்ந்து அம்மா கட்டிக்கொடுத்த பொரி உருண்டை. திரும்பும்போது தோப்புகளின் நடுவே வந்து வேப்பமரம். அதற்கு அப்பால், அப்பா முன்பு தண்ணீர் கட்டிய அந்த ஊர்த் தெரு. தெருவைத் தாண்டினால் எங்கள் குளக்கரை.

மரத்தடியில் அப்பா இறங்குவார். என்னையும் இறக்குவார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொள்வார். செருப்பைக் கழற்றி கேரியரில் வைப்பார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக நடப்பார்.

“எதுக்குங்கப்பா எறங்கறோம்?”

“முள்ளு கெடக்குது கண்ணு. டயரு போயிரும்.”

“முள்ளுன்னா செருப்ப எதுக்குங்க கழட்டறீங்க?”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “செருப்புல ஏறுன முள்ளு தெரியாது. நடக்க நடக்க உள்ள போயிரும். வெறுங்கால்னா குத்துனதுமே தெரியுமில்ல? எடுத்துப் போட்டர்லாம்.”

எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. சாணி தெளித்து, கூட்டி, கோலம் போட்டு, தரை பளிச்சென்று இருந்த அந்தத் தெருவில் நானும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகக் கீழே பார்த்து முள் தேடியபடி நடந்தேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் அப்படி நடந்திருக்கிறேன். ஒரு முள்ளும் அகப்பட்டதில்லை. நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் வகுப்புக்கு ஒரு சயின்ஸ் சார் புதிதாக வந்தார். ஆனைமலைப் பக்கத்துக்காரர், நல்லவர். புத்தகத்தில் பறவைப் படம் பார்த்தால் போதாது, நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்போடு சைக்கிள் சுற்றுலா போவதாக அறிவித்தார். சொந்த சைக்கிள் இல்லாதவர்கள் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஓரமாகவே போகிற மாதிரி வழி யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். குளம், மதகு, வாய்க்கால், தடுப்பணை என்று நான் சொல்லச் சொல்ல அவர் கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

“அப்புறம் வேப்பமரமுங்க சார். அங்க எல்லாரும் எறங்கிக்கோணுமுங்க. முள்ளு.”

சார் அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டார். “சரி, நீதான் வழிகாட்டி. நீ எறங்குன்னா எறங்கறோம்.”

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். “எங்கூருங்க சார் அது! எங்க பெரியப்பாகிட்டச் சொல்லி எல்லாருக்கும் மோரு குடுக்கச் சொல்றனுங்க. முள்ளெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இவன் சும்மா பீலா உடறான்!”

வகுப்பு சிரித்தது. என் காது சுட்டது. எங்கப்பா பொய் சொல்ல மாட்டார் என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா எனக்காக சைக்கிளைக் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றும் அடித்தார். வகுப்புக்கே மகன் வழிகாட்டி என்பதில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. பம்பை அழுத்திக்கொண்டே, “எந்த வழியாடா கூட்டிப் போற?” என்று கேட்டார்.

“நம்ம வழிதானுங்க.”

பம்பு நின்றது. “தடுப்பணைக்குப் போயிட்டு வந்த வழியாவே திரும்பீருங்க.”

“ஏனுங்க? முள்ளா? அதெல்லாம் சார்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க. எறங்கிக்குவோம்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து, “போகட்டும் உடுங்க. பள்ளிக்கொடத்துப் பசங்களோட போறான். வாத்தியாரும் கூட வாராரு. ஆரு என்ன சொல்லிப்போடுவாங்க?” என்றாள். அப்பா மறுபடி காற்றடித்தார். டயர் கல்லு மாதிரி இறுகிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சுற்றுலாவின் பெரும்பகுதி எனக்கு இன்றைக்கும் இனிப்பாகத்தான் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல். அப்பாவின் சைக்கிள் எனக்கு உயரம், குரங்குப் பெடல்தான். ஆனாலும் நான்தான் முதலில். எனக்குப் பின்னால் சார், அவருக்குப் பின்னால் மணியடித்துக்கொண்டே மொத்த வகுப்பும். கூழைக்கடாவைக் காட்டினேன். மதகுக் கல்லெழுத்தைப் படித்துக் காட்டினேன். தடுப்பணையில் எல்லோரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்தோம். “இத்தனையும் உனக்கு யாருடா காட்டினது?” என்று சார் கேட்டார். “எங்கப்பாங்க” என்றேன்.

வேப்பமரம் வந்தது. மரத்தடி சிமெண்டுத் திட்டில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் குதித்து இறங்கி, கையைத் தூக்கிக் கத்தினேன். “முள்ளு! எல்லாரும் எறங்குங்க!”

கத்திவிட்டு, அப்பா செய்வது போலவே, செருப்பைக் கழற்றி கேரியரில் வைத்தேன். அப்போதுதான் சார் என்னைப் பார்த்தார். பிறகு திட்டில் இருந்தவர்களைப் பார்த்தார். மறுபடி என் வெறுங்காலைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பின் பெஞ்சுக்காரன் இறங்காமல், தன் புது சைக்கிளில் எங்களைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே, “எங்கூர்ல எங்கடா முள்ளு, எடுத்துக் காட்டுடா” என்று சிரித்தான். சார் நினைத்திருந்தால் ‘ஏறுடா சைக்கிள்ல’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “எறங்குங்கப்பா எல்லாரும்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவரும் இறங்கினார். என்னைத் தனியாக நடக்க விட வேண்டாம் என்று இறங்கினாரா, திட்டில் இருந்தவர்களுக்குப் பயந்து இறங்கினாரா? எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவர் மேல் எனக்குக் கோபம்தான்.

ஆக, மொத்த வகுப்பும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த ஊருக்குள் நடந்தது. நாலைந்து பேர் விளையாட்டாகச் செருப்பையும் கழற்றிக்கொண்டார்கள். ‘பாத்து, பாத்து, முள்ளு’ என்று நொண்டிக் காட்டினார்கள்.

திட்டில் நடுவில் இருந்தவர்தான் பின் பெஞ்சுக்காரனின் பெரியப்பா. “இதென்னப்பா ஊர்கோலம்? ஏன் எல்லாரும் தள்ளீட்டு வாரீங்க?” என்றார்.

வழிகாட்டி நானாகையால் நான்தான் பதில் சொன்னேன். “வழியில முள்ளுங்க.”

“முள்ளா? ஆரு சொன்னா?”

“எங்கப்பா சொன்னாருங்க.”

“உங்கப்பன் ஆரு கண்ணு?”

“பவுண்டரியில வேலைங்க. முன்ன இங்க தோப்புல தண்ணி கட்டீட்டு இருந்தாருங்க.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் திட்டே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தட்டிவிட்டார். “அட, அவன் பையனா நீ!” என்றார் பெரியப்பா. “பரவால்லையே. டவுனுக்குப் போயும் கெட்டுப் போகாம, சொல்லிக் குடுத்துத்தான் வளத்தியிருக்கான்.” இன்னொருவர், “இவன் மட்டுமா எறங்குனான்? பள்ளிக்கொடத்தையே எறக்கிக் கூட்டியாந்துட்டான் பாருங்க” என்றார். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். அப்பாவைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, வாய் காது வரைக்கும் போகச் சிரித்தேன்.

மோர் வந்தது. பெரிய போசியில் மோர், தட்டம் நிறைய எவர்சில்வர் டம்ளர்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு டம்ளர். நானும் கையை நீட்டினேன். பெரியப்பா டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “நீ அப்பிடி ஓரமா வா கண்ணு. குனிஞ்சு கையேந்து” என்றார். சொம்பில் மொண்டு, எட்டி நின்று, உயரத்திலிருந்து ஊற்றினார். நான் கையைக் குவித்து வாயில் வைத்துக் குடித்தேன். முழங்கை வழியாக வழிந்து சட்டை நனைந்தது. “இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா கண்ணு? வயிறு ரொம்பக் குடி” என்றார். எல்லோருக்கும் ஒரு டம்ளர்தான். எனக்கு மட்டும் ஒரு சொம்பு. வழிகாட்டிக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். சார் கையிலும் ஒரு டம்ளர் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடித்தார்.

எங்கள் சாதிக்காரர்கள் அந்த ஊருக்குள் சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. காலில் செருப்பு கூடாது, தலையில் துண்டு கூடாது. அவர்கள் டம்ளரைத் தொடக் கூடாது. முள் என்று என் அப்பா சொன்னது அதைத்தான். கோயமுத்தூரில் மில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு வீடு டிவி வந்துகொண்டிருந்தது, குளத்துக்கு இந்தப் பக்கம் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன், ஊருக்கெல்லாம் மோட்டாரும் பம்புமாக இரும்பை வார்த்துக் கொடுக்கிற மனிதன், நாள் தவறாமல் காலையில் வேலைக்குப் போகும்போது ஒரு தடவையும் சாயங்காலம் திரும்பும்போது ஒரு தடவையும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்கள் மரியாதைக்குப் பேர் போனவர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். அதட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டே கையேந்த வைத்தார்கள். அந்தக் ‘கண்ணு’வை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. யாராவது அடித்திருந்தால் எனக்கு அன்றைக்கே புரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “உங்களப் பெருமையாச் சொன்னாங்கப்பா. நல்லா வளத்தியிருக்கீங்களாமா.” அவர் தலையை ஆட்டினார். “எல்லாருக்கும் ஒரு டம்ளருதானுங்க. எனக்கு மட்டும் சொம்புல ஊத்துனாங்க, கையில.” அம்மா கரண்டியோடு எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எனக்கு வேறு கவலை இருந்தது.

“ஆனா ஒண்ணுங்கப்பா. அவன் கடைசி வரைக்கும் எறங்கவே இல்லீங்க. ஊரெல்லாம் ஓட்டுனான். டயருக்கு ஒண்ணும் ஆகல. உங்கப்பன் உன்னை ஏமாத்திப்போட்டான்னு சொல்றான். எல்லாரும் சிரிக்கறாங்க. நெசமாலுமே முள்ளு இருக்குதுங்களா, இல்லீங்களா?”

அப்பா என் முகத்தையே பார்த்தார். அந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதின்மூன்று வயசுப் பையன், சொன்னால் விளங்கும். கட்டிலை விட்டு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“இரு கண்ணு. கைகால் கழுவீட்டு வாரேன்.”

கொல்லைப் பக்கம் போனார். லைன் வீட்டுக் கொல்லை நெடுக வேலிக்காத்தான் முட்புதர் மண்டிக் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்து வந்தார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயரின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். முழுச் சுற்று வந்தது. பின் சக்கரத்துக்குப் போனார். பாதிச் சுற்றில் விரல் நின்றது. நகத்தால் நெம்பி எதையோ எடுத்து, விளக்கடியில் என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு முள்.

“பாத்தியா? டியூப் வரைக்கும் எறங்கல. நீ எறங்கித் தள்ளுனதுனால தப்பிச்சுது. அவனுக்கு என்ன, புது டயரு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. “நாந்தான் சொன்னேனே! நாந்தான் சொன்னேனே!” என்று வாசலில் குதித்தேன். அப்பாவின் கட்டைவிரலில் ரத்தம் வந்திருந்தது. அதை அவர் வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போய் பின் பெஞ்சில் வைத்தேன். “இந்தா, உங்கூர் முள்ளு. என்ர டயர்ல இருந்துச்சு.”

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது வேலிக்காத்தான்டா. எங்கூர்ல ஏது? எங்க பெரியப்பா ஒண்ணு விடாம வெட்டிப்போட்டாரே.”

“அப்புறம் எப்பிடிடா எங்க டயர்ல ஏறுச்சு?”

அவன் முள்ளை என் பக்கமே தள்ளிவிட்டான். வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பிவிட்டது. சார் வந்து முள்ளை வாங்கிப் பார்த்தார். கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, “ஆமா, முள்ளுதான்” என்றார். அதற்குப் பிறகு எங்கப்பா பொய் சொன்னார் என்று அந்த வகுப்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா லாரிகள் ஓடுகிற மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். தண்ணீரே இல்லாத வழி. முள் அதிகமாகிவிட்டதா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். வெயிலில் நாள்பட்டுக் கிடந்த முள் என்றால் காய்ந்து வெளுத்திருக்கும். என் உள்ளங்கையில் அவர் வைத்தது பச்சையாக இருந்தது. ஒடித்த இடத்தில் ஈரம்கூட ஆறவில்லை. தொட்டதும் விரலில் பிசுபிசுத்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, முள்ளைப் பத்திரமாகக் காகிதத்தில் மடித்தேன்.